பழைய ஆயில் லோடு ஏத்துறீங்களா? அக்கா சொல்றதைக் கேட்டுட்டு ஏத்துங்க!



நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் பொறந்து வளர்ந்தவங்களுக்கு லாரியைப் பத்தி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனா லாரி ஆபீஸ்ல உட்கார்ந்து வண்டி பேப்பர் பார்க்கிற இந்த அக்காகிட்ட, இப்பல்லாம் ஒரே கேள்வி அடிக்கடி வருது. "அக்கா, சின்னதா ஒரு வண்டி எடுத்திருக்கேன். ஒர்க்‌ஷாப்புகள்ல பழைய எஞ்சின் ஆயிலை வாங்கி, ரீசைக்கிள் பண்ற கம்பெனிக்குக் கொண்டுபோய்ப் போடலாம்னு இருக்கேன். எஃப்.சி., இன்சூரன்ஸ், லைசென்ஸ் எல்லாம் கரெக்டா இருக்கு. போதும்தானே?"

போதாதுங்க. அரிசி மூட்டைக்கும் சிமென்ட்டுக்கும் அது போதும். பழைய ஆயில் சட்டப்படி அபாயகரமான கழிவு. அதை எடுக்கிறதுல இருந்து இறக்கிற வரைக்கும் ஒவ்வொரு கைக்கும் ஒரு கணக்கு இருக்கு. நல்ல தொழில்தான், நான் வேண்டாம்னு சொல்லல. முறையா செய்றது எப்படின்னு வரிசையா சொல்றேன்.

1. ஏத்துறது என்ன சரக்குன்னு முதல்ல தெரிஞ்சுக்கோங்க

பைக்குக்கு ஆயில் மாத்தினா ஒரு லிட்டர் வாக்குல கருப்பா இறங்கும். காருக்கு மூணு, நாலு லிட்டர். லாரிக்கு இருபது லிட்டர் பக்கம் வரும். அப்போ பத்து லாரிக்கு ஆயில் மாத்தினாலே ஒரு பேரல் நிறைஞ்சிடும். நம்ம ஊர்ல அது பெரிய கணக்கே இல்ல.

எஞ்சினுக்குள்ள ஓடி ஓடி, அந்த ஆயில்ல உலோகத் துகளும் கரியும் எரியாத எரிபொருளும் சேர்ந்திருக்கும். ஈயம், துத்தநாகம், காட்மியம் மாதிரி சமாச்சாரமும், புற்றுநோயை உண்டாக்குற ஹைட்ரோகார்பன்களும் அதுல இருக்கும். ஒரே ஒரு தடவை ஆயில் மாத்தும்போது வர்ற பழைய ஆயில், 10 லட்சம் கேலன் நல்ல தண்ணியைக் கெடுத்துடும்னு அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்லுது.

அதனாலதான் 2016-ம் வருஷத்து அபாயகரமான மற்றும் பிற கழிவுகள் விதிகள்ல, முதல் அட்டவணையில 5.1-ங்கிற எண்ணுல பழைய ஆயிலைச் சேர்த்திருக்காங்க. இந்த 5.1-ஐ மனப்பாடமா வெச்சுக்கோங்க. இனிமே நீங்க நிரப்பப்போற எல்லா ஃபார்ம்லயும் இது வரும். ஆயில் இருந்த காலி பேரலைக் கூட சாதாரண பழைய இரும்புன்னு நினைச்சு எடைக்குப் போட்டுடாதீங்க. அதுக்கும் அதே அட்டவணையில தனி எண் இருக்கு.

2. யார்கிட்ட வாங்கலாம், யாருக்குப் போடலாம்?

இந்தத் தொழில்ல சறுக்குறவங்க அதிகமா சறுக்குற இடம் இதுதான். ஆயிலை வாங்கிப் பயன்படுத்துற கம்பெனிக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தோட அங்கீகாரம் இருக்கணும். வாய்ல சொன்னா நம்பாதீங்க. அங்கீகார நகலைக் கேட்டு வாங்கி மூணு விஷயம் பாருங்க: தேதி முடிஞ்சிருக்கா, 5.1 அதுல இருக்கா, வருஷத்துக்கு எவ்வளவு டன் எடுக்க அனுமதின்னு போட்டிருக்கா.

"சென்ட்ரிங் பலகைக்குத் தடவ நாலு கேன் கொடுங்க", "செங்கல் சூளைக்கு எரிக்க ஒரு பேரல் போடுங்க, லிட்டருக்கு ரெண்டு ரூபா கூடத் தர்றேன்"னு வழியில ஆள் நிப்பாங்க. கொடுக்காதீங்க. அங்கீகாரம் இல்லாத கைக்கு ஒரு கேன் போனாலும் தப்புதான். அந்த ஆயில் வடிகட்டி, டப்பாவுல அடைச்சு, புது ஆயில் மாதிரி ஏதோ ஒரு பையன் வண்டிக்கே திரும்பி வர்றதும் நடக்குது.

வண்டியில ஏத்துறதுக்கும் அங்கீகாரம் வேணும். அது அனுப்புறவர் பேர்லயோ வாங்குறவர் பேர்லயோ இருக்கலாம். யார் வண்டி ஏற்பாடு பண்றாங்களோ அவங்க எடுக்கணும். வழியில ஏதாவது ஆனா பொறுப்பும் அவங்களுக்குத்தான். "யார் பொறுப்பு"ன்னு பேப்பர்ல தெளிவா எழுதச் சொல்லுங்க. நீங்க நாலு ஒர்க்‌ஷாப்ல சேகரிச்சுக் கொடுக்கிற ஏஜென்ட்டா இருந்தா இன்னொரு விஷயமும் இருக்கு. பழைய ஆயிலுக்கான உற்பத்தியாளர் பொறுப்பு விதிகள் 2024 ஏப்ரல் 1-ல இருந்து அமலுக்கு வந்திருக்கு. அதன்படி ஆயில் கம்பெனி, சேகரிக்கிற ஏஜென்ட், ரீசைக்கிள் பண்றவர் எல்லாருமே ஆன்லைன்ல பதிவு பண்ணியிருக்கணும்.

எங்க போய்க் கேக்கிறதுன்னு முழிக்க வேண்டாம். உங்க மாவட்டத்துல இருக்கிற மாசுக் கட்டுப்பாட்டு வாரிய ஆபீஸ்ல, மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளரைப் பாருங்க. புரோக்கரை நடுவுல விடாதீங்க.

3. கூலன்ட், தின்னர், பெட்ரோல் எதையும் அதுல கலக்காதீங்க

ஒர்க்‌ஷாப் பசங்க எல்லாத்தையும் ஒரே பேரல்ல ஊத்துவாங்க. கூலன்ட், பிரேக் ஆயில், பார்ட்ஸ் கழுவின பெட்ரோல், பெயின்ட் தின்னர், சில இடத்துல பேட்டரி ஆசிட் கூட உள்ள போயிடும். ஏத்துறதுக்கு முன்னாடி மூடியைத் திறந்து பாருங்க. தின்னர் வாசமோ பெட்ரோல் வாசமோ தூக்கினா, பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தா, அந்த பேரலைத் தொடாதீங்க.

காரணம் இருக்கு. சுத்தமான எஞ்சின் ஆயில் சட்டுனு தீப்பிடிக்காது. பெட்ரோல் கலந்துட்டா அந்தக் கதையே வேற. ரீசைக்கிள் பண்ண ஏத்த ஆயிலுக்கு ஈயம் 100 பி.பி.எம்.முக்குள்ள இருக்கணும்னு விதியில வரம்பு இருக்கு. பழைய டிரான்ஸ்ஃபார்மர்ல இருக்கிற பி.சி.பி.ங்கிற ரசாயனத்துக்கு வரம்பு அதைவிட ரொம்பக் கடுமை. ஒரு கேன் டிரான்ஸ்ஃபார்மர் ஆயில் சேர்ந்தா மொத்த லோடும் ரிஜெக்ட் ஆகலாம். அப்புறம் வண்டி வாடகை உங்க தலையில.

கலந்தா எவ்வளவு தூரம் போகும்னு தெரியணுமா? அமெரிக்காவுல மிசௌரி மாநிலத்துல டைம்ஸ் பீச்னு ஒரு சின்ன ஊர் இருந்துச்சு. 1970-கள்ல அந்த ஊர் மண் ரோட்டுல தூசி பறக்காம இருக்கப் பழைய ஆயில் தெளிக்க ஒரு லாரிக்காரருக்குக் கான்ட்ராக்ட் விட்டாங்க. அவர் ஒரு கெமிக்கல் கம்பெனியோட கழிவையும் வாங்கி ஆயிலோட கலந்துட்டார். அதுல டையாக்ஸின்ங்கிற கொடிய விஷம் இருந்துச்சு. அதே மாநிலத்துல அவர் தெளிச்ச ஒரு குதிரை லாயத்துல குதிரைகள் வரிசையா செத்து விழுந்துச்சு. 1982 கடைசியில சோதனை பண்ணிப் பார்த்தப்போ ஊர் மண்ணே விஷமா இருந்துச்சு. 1983-ல அரசாங்கம் வீடு நிலம் எல்லாத்தையும் விலைக்கு வாங்கி, சுமார் 2,000 பேர் இருந்த ஊரையே காலி பண்ண வெச்சுது. ஒரு லாரிக்காரர் "எல்லாம் ஆயில்தானே"ன்னு ஒரே டேங்க்ல ஊத்தினதோட விலை அது.

4. பேரல் சரியா இருந்தா பாதி வேலை முடிஞ்சுது

கசியுற பேரல், தட்டி ஒட்டு போட்ட பேரல், மூடிக்குப் பதிலா துணி திணிச்ச கேன், இதெல்லாம் லோடு ஏத்த ஆகாது. மூடியும் வாஷரும் இறுக்கமா இருக்கணும். ஏத்துறதுக்கு முன்னாடி பேரலைக் கொஞ்சம் சாய்ச்சுப் பாருங்க. மூடி ஓரத்துல ஈரம் தெரிஞ்சா அங்கேயே மாத்தச் சொல்லுங்க. விளிம்பு வரைக்கும் நிரப்ப விடாதீங்க. சித்திரை வெயில்ல ஆயில் விரியும். நாலு விரல் இடமாவது மேல காலியா இருக்கணும்.

ஒவ்வொரு பேரல்லயும் லேபிள் ஒட்டியிருக்கணும். அதுக்கு ஃபார்ம் 8-னு ஒரு மாதிரி இருக்கு. பளிச்சுனு மஞ்சள் பின்னணி, அதுல சிவப்பு எழுத்துல "அபாயகரமான கழிவு", "கவனமாகக் கையாளவும்"னு தமிழ், இந்தி, ஆங்கிலம் மூணுலயும் இருக்கணும். என்ன கழிவு, யார் அனுப்புறாங்க, எங்க போகுதுங்கிறதும் அதுல வரும். மழையில அழியாத தாளா பாருங்க. வெள்ளைத் தாள்ல பேனாவால எழுதி ஒட்டினது ரெண்டு கிலோமீட்டர் தாங்காது.

5. எடைக் கணக்கை முதல்லயே போட்டுடுங்க

ஒரு பேரல்ல 200 லிட்டர் ஆயில் இருந்தா அதோட எடை 180 கிலோ பக்கம். இரும்பு பேரல் எடையும் சேர்த்தா 200 கிலோ. முக்கால் டன் ஏத்துற குட்டி யானையில மூணு பேரல்தான் போகும். நாலாவது வெச்சா 800 கிலோ, ஓவர்லோடு. "இடம் இருக்கே"ன்னு நினைக்காதீங்க. ஆயில் ஆடுற சரக்கு. வளைவுல வண்டியை ஒரு பக்கமா இழுக்கும்.

பேரலை நிக்க வெச்சு ஏத்துங்க, படுக்க வைக்காதீங்க. கயிறு மட்டும் போட்டு விட்டுடாம ராட்செட் பெல்ட்டால இழுத்துக் கட்டுங்க. பேரலுக்கும் பேரலுக்கும் நடுவுல இடைவெளி இருந்தா மரக்கட்டையோ பழைய டயரோ சொருகுங்க. ஒரு பத்து கிலோமீட்டர் ஓட்டினதும் நிறுத்தி, பெல்ட் தளர்ந்திருக்கான்னு ஒரு தடவை பார்த்துடுங்க.

6. வண்டிக்கு என்ன வேணும்?

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தோட வழிகாட்டுதல் விவரமாவே சொல்லுது.

• வண்டி நீல நிறத்துல, நடுவுல சுத்தி 15-ல இருந்து 30 செ.மீ. அகலத்துக்கு வெள்ளைப் பட்டையோட இருந்தா நல்லது.

• எல்லாப் பக்கமும் "அபாயகரமான கழிவு"ன்னு தமிழ், இந்தி, ஆங்கிலத்துல எழுதியிருக்கணும். வண்டி யாரோடதுன்னு பேரும், அவசர போன் நம்பரும் தெரியணும்.

• மேல மூடி இருக்கணும். சிந்தினா தரைக்கு இறங்காத மாதிரி பாடி கட்டியிருக்கணும்.

• தீயணைப்பு சிலிண்டர், முதலுதவிப் பெட்டி, சிந்தினதை எடுக்கிற சாமான் மூணும் வண்டியிலேயே இருக்கணும்.

• ஆள் ஏத்தக் கூடாது. வேலைக்கு வர்றவங்களும் கேபின்லதான் உட்காரணும்.

• இந்த வண்டி இந்த வேலைக்கு மட்டும்தான். வேற சரக்கு ஏத்தக் கூடாது.

கடைசியா சொன்னதுதான் நம்ம ஆளுங்களுக்குக் கசக்கும். "ஆயிலை இறக்கிட்டு சும்மா வர்றதுக்கு, ஒரு ரிட்டர்ன் லோடு தக்காளி போட்டுட்டு வந்தா டீசல் காசாவது தேறுமே"ன்னு மனசு சொல்லும். அந்தத் தக்காளியை நம்ம வீட்டுக் குழந்தைங்களும் சாப்பிடும். போற வாடகையிலேயே வர்ற செலவையும் சேர்த்துப் பேசிக்கோங்க. கட்டலைன்னா அந்த லோடே வேண்டாம்.

மோட்டார் வாகன விதிகள் தனியா இருக்கு. அபாயகரமான சரக்கு ஏத்துற வண்டிக்கு வேகக் கட்டுப்பாட்டுக் கருவியில 60 கிலோமீட்டர்தான் உச்சம். வண்டியோட ரெண்டு பக்கமும் பின்னாடியும் அவசரத் தகவல் பலகை எப்படி இருக்கணும், ஜி.பி.எஸ். எந்த மாடல் பொருத்தணும்ங்கிறதை ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல உங்க வண்டி ஆர்.சி.யைக் காட்டியே கேட்டு எழுதி வாங்கிக்கோங்க.

7. டிரைவர் யாரா இருந்தாலும் சரிங்கிற வேலை இது இல்ல

அபாயகரமான சரக்கு ஓட்ட லைசென்ஸ்ல தனியா பதிவு வேணும். அதுக்கு 3 நாள் பயிற்சி எடுக்கணும். இந்திய மொழி ஒண்ணும் ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரியணும்னு விதி இருக்கு. மாசுக் கட்டுப்பாட்டு வாரிய வழிகாட்டுதல் பத்தாவது பாஸ், ஹெவி லைசென்ஸ்னு சொல்லுது. இன்னைக்கு டிரைவர் லீவுன்னு மச்சானையோ பக்கத்து வீட்டுப் பையனையோ ஏத்தி அனுப்புற பழக்கத்தை இந்த லோடுக்கு வெச்சுக்காதீங்க.

டிரைவருக்கு ட்ரெம் கார்டு கொடுக்கணும். ஃபார்ம் 9-ங்கிறது அதுதான். என்ன சரக்கு, தீப்பிடிச்சா என்ன செய்யணும், கண்ணுல பட்டா என்ன செய்யணும், யாருக்கு போன் போடணும்னு எல்லாம் அதுல இருக்கும். அதை அனுப்புறவர் நிரப்பித் தரணும். டாஷ்போர்டுக்குள்ள மடிச்சுப் போட்டுடாம, கை எட்டுற இடத்துல வெச்சு, வண்டி கிளம்புறதுக்கு முன்னாடி டிரைவரை ஒரு தடவை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்க.

8. ஏழு தாளும் ஏழு கலர்: இதுதான் தொழிலோட உயிர்

எல்லாத்தையும் விட முக்கியம் மேனிஃபெஸ்ட். ஃபார்ம் 10. அனுப்புறவர் ஏழு நகல் போட்டு ஏழுலயும் கையெழுத்துப் போடணும். ஒவ்வொண்ணும் ஒரு கலர்.

• வெள்ளை: அனுப்புறவர் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அனுப்புவார்.

• மஞ்சள்: வண்டிக்காரர் கையெழுத்து வாங்கிட்டு அனுப்புறவர் வெச்சுக்குவார்.

மீதி அஞ்சும் வண்டியில போகும்.

• ரோஸ்: வாங்குறவர் வெச்சுக்குவார்.

• ஆரஞ்சு: சரக்கை ஏத்துக்கிட்டதும் வாங்குறவர் கையெழுத்துப் போட்டு உங்களுக்குத் தர்றது.

• பச்சை: வாங்குறவர் வாரியத்துக்கு அனுப்புறது.

• நீலம்: வாங்குறவர் அனுப்புறவருக்குத் திருப்பி அனுப்புறது.

• சாம்பல்: அனுப்புறவர் வேற மாநிலமா இருந்தா, அந்த மாநில வாரியத்துக்குப் போறது.

மேனிஃபெஸ்ட் இல்லாம வண்டிக்காரர் சரக்கையே எடுக்கக் கூடாதுன்னு விதி. "நீங்க லோடைக் கொண்டு போங்க, பேப்பரை வாட்ஸ்அப்ல போட்டுவிடுறேன்"னு சொன்னா வண்டியை ஸ்டார்ட் பண்ணாதீங்க. அளவு எழுதாத காலி ஃபார்ம்ல கையெழுத்துப் போடவே போடாதீங்க. ஏத்தினது மூணு பேரல்னா மூணுன்னு எழுதியிருக்கான்னு பார்த்துட்டுத்தான் பேனா எடுக்கணும்.

பொண்ணு வீட்டுக்குச் சீர் அனுப்பினா, "வந்து சேர்ந்துச்சு"ன்னு போன் வர்ற வரைக்கும் அம்மாவுக்குத் தூக்கம் வராது இல்லையா? ஒர்க்‌ஷாப்காரருக்கு அந்த நீலத் தாளும் அப்படித்தான். உங்களுக்கு அந்த ஆரஞ்சுத் தாள். அது கைக்கு வந்தாத்தான் லோடு முடிஞ்சதா அர்த்தம். பேரலை இறக்கினதும் வாடகையை வாங்கிட்டுக் கிளம்பிடாதீங்க. ஆரஞ்சுத் தாளை வாங்கி ஃபைல்ல போட்டுட்டுக் கிளம்புங்க. நாளைக்கு எங்கேயாவது ஓடையில ஆயில் கொட்டிக் கிடந்து, "உங்க வண்டிதானே அன்னைக்கு வந்துச்சு"ன்னு கேட்டா, உங்களைக் காப்பாத்துறது அந்தத் தாள் ஒண்ணுதான்.

இதோட இன்வாய்ஸ் வேணும். சரக்கு மதிப்பு 50,000 ரூபாய் தாண்டினா இ-வே பில் வேணும். தமிழ்நாட்டுக்குள்ளேயே ஓடுற சரக்குக்கு அந்த வரம்பு 1 லட்சம்.

9. மாநிலம் தாண்டுறதுக்கு முன்னாடி

கர்நாடகாவுக்கோ ஆந்திராவுக்கோ ரீசைக்கிள் பண்ணப் போற ஆயில்னா, அனுப்புறவர் ரெண்டு மாநில வாரியத்துக்கும் முன்கூட்டியே தகவல் கொடுக்கணும். நடுவுல இன்னொரு மாநிலம் வழியா போனா அந்த வாரியத்துக்கும் சொல்லணும். ரீசைக்கிளுக்கு இல்லாம அழிக்கிறதுக்காகப் போற கழிவுன்னா தகவல் போதாது, ரெண்டு வாரியத்துலயும் தடையில்லாச் சான்று வாங்கணும். கொடுத்த கடிதத்தோட நகல் வண்டியில இருந்தா செக்போஸ்ட்ல பேச்சு சுருக்கமா முடியும்.

வழியில டீ குடிக்க நிறுத்தினாலும் வண்டியைத் தனியா விட்டுட்டுப் போகக் கூடாது. டிரைவரோ, 18 வயசுக்கு மேல பொறுப்பான வேற ஆளோ பார்வையில வெச்சிருக்கணும். ஹோட்டல் அடுப்புப் பக்கம், வெல்டிங் பட்டறைப் பக்கம் நிறுத்தாதீங்க. கிணறு, ஏரிக்கரை ஓரமும் வேண்டாம். பீடி, சிகரெட்டைப் பத்தி நான் சொல்லவே வேண்டாம்.

10. சிந்திட்டா பதறாதீங்க, தண்ணி ஊத்தாதீங்க

வண்டியில ரெண்டு மூட்டை உலர்ந்த மணலோ மரத்தூளோ, ஒரு மண்வெட்டி, ஒரு காலி பேரல், ரப்பர் கையுறை, கெட்டியான பிளாஸ்டிக் பை எப்பவும் இருக்கட்டும். சிந்தினா முதல்ல வண்டியை ஓரங்கட்டி, இன்ஜினை நிறுத்தி, முக்கோணத்தை வைங்க. அடுத்து, ஆயில் ஓடுற பாதையில மணலால சின்ன வரப்பு போட்டு சாக்கடைக்கோ வாய்க்காலுக்கோ போகாம தடுங்க. அப்புறம்தான் மரத்தூள் தூவி அள்ளணும். தண்ணி அடிச்சுக் கழுவினா ரோடு சுத்தமாகிற மாதிரி தெரியும். உண்மையில ஆயிலை அடுத்தவங்க கிணத்துக்கு அனுப்பிட்டோம்னு அர்த்தம். அள்ளின மணலும் அபாயகரமான கழிவுதான். அதையும் மூட்டை கட்டி அதே கம்பெனிக்குக் கொண்டு போங்க.

பெரிய விபத்துன்னா 112. தீயணைப்புக்கு 101. ஆம்புலன்ஸ் 108. தேசிய நெடுஞ்சாலையில உதவிக்கு 1033. பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷன்ல தகவல் சொல்றது டிரைவரோட கடமை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் உடனே போன்ல சொல்லிட்டு, பிறகு ஃபார்ம் 11-ல எழுதிக் கொடுக்கணும். மறைச்சா பிரச்சினை பெருசாகும்.

11. தேக்கி வெச்சு விலை ஏறட்டும்னு காத்திருக்காதீங்க

ஒர்க்‌ஷாப்காரங்க பழைய ஆயிலைப் பொதுவா 90 நாளைக்கு மேல வெச்சிருக்கக் கூடாது. வருஷத்துக்கு 10 டன்னுக்குள்ள வர்ற சின்ன இடங்களுக்கு வாரியம் 180 நாள் வரைக்கும் நீட்டிக் கொடுக்கலாம். அதனால உங்க வாடிக்கைக் கடைகளுக்கு ஒரு கேலண்டர் போட்டு, முறை வெச்சு எடுங்க. கடைக்காரருக்கும் நிம்மதி, உங்களுக்கும் நிரந்தர வருமானம். அவங்க தினக் கணக்கை ஃபார்ம் 3-ல எழுதி வெச்சுக்கணும், வருஷக் கணக்கை ஜூன் 30-க்குள்ள ஃபார்ம் 4-ல வாரியத்துக்குக் கொடுக்கணும். உங்க கணக்கும் அவங்க கணக்கும் லிட்டர் சுத்தமா ஒத்துப்போகணும்.

12. மீறினா என்ன ஆகும்?

1986-ம் வருஷத்துச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்துலதான் இந்த விதிகள் வருது. 2024 ஏப்ரல்ல இருந்து அபராதம் 10,000 ரூபாய்ல தொடங்கி 15 லட்சம் வரைக்கும் போகும். குட்டி யானையோட விலையைவிட அந்த அபராதம் பெருசு. லிட்டருக்கு ரெண்டு ரூபா கூடக் கிடைக்குதேன்னு செங்கல் சூளைக்குப் போடுறப்போ இந்தக் கணக்கையும் ஒரு தடவை போட்டுப் பாருங்க.

கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்

அங்கீகார நகல், மேனிஃபெஸ்ட் அஞ்சு தாள், ட்ரெம் கார்டு, இன்வாய்ஸ், தேவைன்னா இ-வே பில், டிரைவர் லைசென்ஸ், வண்டி பேப்பர். இதெல்லாம் ஒரே பிளாஸ்டிக் ஃபைல்ல. பேரல் மூடி, லேபிள், பெல்ட், மணல் மூட்டை, தீயணைப்பு சிலிண்டர். இது கண்ணால பார்க்க வேண்டியது.

பழைய ஆயில் குப்பை இல்லைங்க. நல்ல கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தா வெற்றிடத்துல காய்ச்சி வடிச்சு, அதுல இருந்து மறுபடியும் ஆயில் எடுக்கிறாங்க. நடுவுல ஒழுங்கா கொண்டுபோய்ச் சேர்க்க ஆள் வேணும். அந்த ஆளா நீங்க இருங்க. பேப்பரை சுமைன்னு நினைக்காதீங்க. இந்தத் தொழில்ல உங்க பேர் நிலைக்கிறதே அந்தப் பேப்பர்லதான். சந்தேகம் வந்தா லோடு ஏத்துறதுக்கு முன்னாடி வாரிய ஆபீஸ்ல கேளுங்க. ஏத்தினதுக்கு அப்புறம் கேட்டுப் பிரயோஜனம் இல்ல.